சுக்கு வெந்நீரின் மேல் ஒரு சந்தேகம்

அத்தியாயம் பதினொன்று

ஒரு குளத்தில் நாளுக்கு நாள் மீன் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குளத்தை நெடுங்காலமாகத் தன் சொத்தாகவே எண்ணியிருந்த நாரை, புதிதாகக் குடிவந்த ஆமையின் மேல் ஐயம் கொண்டது. அன்று முதல் அதற்கு வேறு வேலை இல்லை. ஆமை கழுத்தை நீட்டினால் பார்த்தது. உள்ளே இழுத்துக்கொண்டால் இன்னும் உற்றுப் பார்த்தது. குளத்தின் நீர்மட்டம் விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க மட்டும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நாரையை அங்கேயே ஒற்றைக் காலில் நிற்க விட்டுவிட்டு, நாம் நம் வீட்டுக்குள் நுழைவோம்.

மருத்துவமனை மருந்தகத்தில் பதினாறு ஆண்டுகளாக மருந்து கொடுத்துவரும் மூத்த மகள்தான் அந்த வீட்டின் காவல். கைப்பைக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, சர்க்கரை டப்பாவுக்கும் ஒரு பூட்டு. அதனால் லிஃப்ட் பழுது பார்க்கும் தம்பி அவளுக்கு 'பூட்டக்கா' என்று பெயர் வைத்திருந்தான்.

அப்பா ஒரு தேயிலை நிறுவனத்தில் சுவை பார்ப்பவர். நாற்பது ஆண்டுகளாக அவர் நாக்கு சொன்னதே அங்கே விலை. சென்ற மாதம் அவருடைய குடற்புண்ணில் இரத்தம் கசிந்தது. கிருமியை ஒழிக்கப் பதினான்கு நாள் மருந்து. ஒரு வேளையும் தப்பக்கூடாது. மறுபடி கசிந்தால் இவ்வளவு எளிதாக மீள முடியாது என்று மருத்துவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். முதல் மாத்திரையே தொண்டையில் சிக்கியது. அன்றே மருத்துவரிடம் வாதாடி, அதே மருந்தைக் குடிக்கிற மருந்தாக மாற்றி வாங்கிவந்தவள் மகள்தான். ஆனால் குமட்டல் விடவில்லை. நான்கு நாள் அப்பா வாய் நிறையத் தகரம் என்று புலம்பினார். தின்றதையெல்லாம் திரும்பக் கொடுத்தார்.

அப்போதுதான் மருமகள் குறுக்கே வந்தாள். தம்பியை மணந்து ஏழு மாதமே ஆன அவள் ஆயுர்வேதம் படித்த வைத்தியர். ஏதோ ஒரு பொடியை வெந்நீரில் இட்டுக் கொடுத்தாள். மறுநாளே குமட்டல் நின்றது. நின்றது மட்டுமா? அப்பா சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்தார். அந்தச் சந்தோஷத்தில், தெருவைப் பார்த்த முன்னறையை மருமகளின் வைத்திய அறையாக்கிக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

வீடே கைதட்டியது. மகள் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு ஆண்டுகளில் ஒரே நாளில் குமட்டலைத் துடைத்தெடுக்கிற மருந்தை அவள் கண்டதில்லை. கண்டவை ஒன்றிரண்டும் மருந்தகத்தில் பூட்டி வைக்கிற கடுமையான மருந்துகள்.

இன்று மருந்தின் ஒன்பதாம் நாள்.

*

காலையில் மருமகள் அடுப்பின் முன் நின்றிருந்தாள். சிறு பாத்திரத்தில் நீர் கொதித்தது. பழுப்புத் தாள் பொட்டலத்திலிருந்து பொடியை விரல் நுனியால் எடுத்து அதில் இட்டாள். மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"எத்தனை சிட்டிகை?"

"ஒண்ணரை அக்கா."

"அரை சிட்டிகையை எப்படி அளப்ப?"

"கை பழகிடுச்சு."

"கை பழகினதெல்லாம் அளவாயிடுமா? எங்க இடத்துல இப்படிச் சொன்னா சீட்டைக் கிழிச்சுட்டு வெளியே அனுப்பிடுவாங்க. பொட்டலத்து மேல ஒரு பேரு இல்ல, தேதி இல்ல. உள்ள என்னதான் இருக்கு?"

மருமகள் முகம் சுளிக்கவில்லை. இந்தக் கேள்வி அவளுக்கு நான்காவது முறையாக வருகிறது.

"கொத்தமல்லி விதை பாதிக்கு மேல. மிச்சம் சீரகம். பேருக்குக் கொஞ்சம் சுக்கு. சுக்கு வெந்நீர்னு சொல்றோமே தவிர, குடல்ல புண்ணு இருக்கிறதால அதைத்தான் ரொம்பக் குறைச்சிருக்கேன். டாக்டர்கிட்டயும் போன்ல கேட்டுக்கிட்டேன்."

"எந்த டாக்டர்?"

"மாமாவைப் பார்க்கிற டாக்டர்தான்."

"அவர் என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்கலையே அக்கா."

பதில் நேராகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் குடிகொண்ட காதில் நேரான பதிலும் சற்றுச் சாய்ந்தே விழும். இவ்வளவு தயாராகப் பதில் சொல்கிறாளே, எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாளோ என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

"அப்புறம் அக்கா," மருமகள் தயங்கினாள். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"முன்னறை விஷயம்தானே? அப்பா முழுசாத் தேறட்டும். அதுக்கப்புறம் பேசலாம்."

மருமகள் அடுப்பை அணைத்தாள். வெந்நீரை வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றித் திருகினாள்.

கூடத்தில் அப்பா வேலைக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். மகள் சிவப்பு மருந்தை அளவுக்குப்பியில் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளந்தாள். பெரிய பாட்டிலின் சீட்டில் அன்றைய மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள். மதிய வேளைக்குரியதைச் சிறு பாட்டிலில் ஊற்றி அப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள்.

"இந்தாங்கப்பா."

அப்பா மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டார். மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குப்பியை மேசையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனார். அங்கிருந்து கொப்பளிக்கிற ஓசை எழுந்தது.

"அப்பா கொப்பளிக்கிறதைக் கேட்டியா பூட்டக்கா?" என்றான் தம்பி, ரொட்டியை மென்றுகொண்டே. "ஏழாம் மாடிக்கு ஏறுற லிஃப்ட் மாதிரியே இருக்கு. கிரீஸ் போடணும்."

"வாயில சாப்பாட்டை வச்சுக்கிட்டுப் பேசாதடா."

அவள் காது தம்பியிடமும், கண் ஃபிளாஸ்கிடமும் இருந்தன.

மருமகளின் கைபேசி ஒலித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தம்பி காலணியைத் தேடிக் கட்டிலடியில் தலையை நுழைத்தான். அப்பா இன்னும் குழாயடியில் இருந்தார். வீட்டில் யாரும் பார்க்காத ஒன்றரை நிமிடம் மகளுக்குக் கிடைத்தது.

ஃபிளாஸ்கைத் திறந்தாள். அதிலிருந்ததைத் தன் தண்ணீர் பாட்டிலில் கவிழ்த்துக்கொண்டாள். கெட்டிலில் இருந்த வெறும் வெந்நீரை ஃபிளாஸ்கில் நிரப்பி, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தாள்.

கணக்கு எளியது. பொடி உள்ளே போகாவிட்டால் மதியத்துக்குள் குமட்டல் திரும்ப வேண்டும். திரும்பினால், அந்தப் பொட்டலத்துக்குள் கொத்தமல்லியும் சீரகமும் தவிர, பெயர் சொல்லாத சரக்கு ஒன்று இருக்கிறது என்று பொருள். பெயர் சொல்லாத சரக்கு, இரத்தம் கசிந்த குடலை என்ன செய்யும் என்பதை அவள் மருந்தகத்தில் பார்த்திருக்கிறாள். அப்பா வாந்தியெடுக்கப்போகிறார் என்று தெரிந்தேதான் செய்தாள். அந்த நினைப்பு அவளைக் குத்தாமல் இல்லை. குத்தினாலும் மூடியை இறுகவே திருகினாள்.

*

மருந்தகத்தில் கூட்டம் சற்று ஓய்ந்தபோது, களவாடிய பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். கொத்தமல்லி. மீண்டும் முகர்ந்தாள். சீரகம். நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். கோடியில் சுக்கின் காரம் மெல்லத் தலைகாட்டியது.

"என்ன மேடம், நீங்களே மருந்து குடிக்க ஆரம்பிச்சுட்டீங்க?" என்று கேட்டார் பக்கத்து மேசை உதவியாளர்.

"வீட்டு வைத்தியம்."

"நீங்களா? வீட்டு வைத்தியமா? நாளைக்கு மழை கொட்டப்போகுது."

அவள் சிரிக்கவில்லை. குற்றவாளியின் சட்டைப்பையில் ஒன்றும் அகப்படாவிட்டால், அவன் குற்றமற்றவன் என்று காவல்காரன் நினைப்பதில்லை. கைதேர்ந்தவன் என்றே நினைப்பான். மதிய இடைவேளைக்கு அரைமணி முன்னதாகவே அனுமதி வாங்கிக்கொண்டு அப்பாவின் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினாள்.

தேயிலை நிறுவனத்தின் சுவை அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுவதும் சன்னல்கள். அவற்றின் கீழே நீண்ட மேசை. மேசையில் மூடிபோட்ட வெள்ளைக் குவளைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வெள்ளைக் கிண்ணம். கிண்ணத்துக்குப் பின்னால் காய்ந்த இலையின் மாதிரி. ஆறு நிமிடம் காட்டும் கடிகாரம் மணியடித்ததும், உடல் பருத்த ஓர் அம்மாள் குவளைகளை வரிசையாகக் கிண்ணங்களில் சாய்த்துக்கொண்டே போனாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே கொதிநீர் ஊற்றுபவள். கெண்டியம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

அறைக்கு வெளியே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. மகள் அதன் பின்னால் நின்றாள்.

அப்பா வந்தார். கரண்டியில் மொண்டு, காற்றையும் சேர்த்து இழுத்து, ஒரே உறிஞ்சு. துணியைக் கிழித்தாற்போல் ஒரு சத்தம். கன்னம் இருபுறமும் அசைந்தது. சக்கரம் வைத்த உயரமான தொட்டியைக் காலால் நகர்த்தி, அதில் பீச்சினார். நோட்டில் ஓர் எண் எழுதினார். அடுத்த கிண்ணம். ஒரு சொட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. இறங்கினால் நாளொன்றுக்கு இருநூறு கிண்ணம் பார்க்க முடியுமா?

பன்னிரண்டும் முடிந்ததும் அப்பா நாற்காலியில் அமர்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெறும் வெந்நீரை ஊற்றி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி ரசித்தார்.

"எங்க மருமகப்பொண்ணு இன்னைக்குச் சீரகத்தைத் தூக்கலாப் போட்டுட்டா கெண்டியம்மா. என்ன மணம்!"

மகள் கண்ணாடியை இன்னும் நெருங்கி நின்றாள். வெறும் வெந்நீருக்கு இப்படி ஒரு புகழ்ச்சியா? மருமகளைத் தூக்கிப்பிடிக்க அப்பா இவ்வளவு தூரம் போவாரா? இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னிடம் மறைக்கிறார்களா?

இன்னொன்றும் அவளைக் குழப்பியது. காலையிலிருந்து பொடி உள்ளே போகவில்லை. ஆனால் அப்பாவின் முகத்தில் குமட்டலின் சாயலே இல்லை. அவள் போட்ட கணக்கு விடை தராமல் நின்றது.

அதற்குள் கெண்டியம்மா அவளைப் பார்த்துவிட்டாள். கெண்டியோடு வெளியே வந்தாள்.

"நாக்கு சாரோட பொண்ணுதானே? அந்த மூக்கு ஒண்ணே போதும், சொல்லிடலாம். உள்ள வாங்க, ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"வேணாம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? இங்க வாந்தி கீந்தி உண்டா?"

"அதெல்லாம் போன வாரத்தோட போச்சு. இப்ப ஜம்முனு இருக்காரு. அந்தச் செகப்புச் சரக்கைத்தான் திட்டிக்கிட்டே இருக்காரு."

"எந்தச் சிவப்புச் சரக்கு?"

"அதோ பாருங்க. இப்ப எடுப்பாரு."

அப்பா சட்டைப்பையிலிருந்து சிறு பாட்டிலை எடுத்தார். அதைக் கிண்ணமொன்றில் ஊற்றினார். கரண்டியால் அல்ல, கிண்ணத்தோடேயே உறிஞ்சினார். கன்னம் இருபுறமும் அசைந்தது. கால் தானாக நீண்டு தொட்டியை இழுத்தது. சிவப்பாக, நேராக, ஒரு சொட்டும் சிதறாமல் பீச்சினார்.

"பார்த்தீங்களா?" கெண்டியம்மா குலுங்கிச் சிரித்தாள். "தினமும் இதே கூத்துதான். 'நூத்துக்கு மூணு மார்க்கு, இந்தச் சரக்கை எவன் வாங்குவான்'னு சொல்லிட்டு வாயைத் தொடைச்சுப்பாரு. ஆமா, அது என்ன தேயிலைம்மா, செகப்பா?"

மகள் கண்ணாடித் தடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"மொத நாலு நாளு ஒழுங்கா முழுங்கினாரு, கஷ்டப்பட்டு. அஞ்சாம் நாளு பேச்சு சுவாரசியத்துல துப்பிட்டாரு பாவம், பழக்கதோஷம். 'அடடா'ன்னாரு. அன்னைக்குச் சாயந்திரம் குமட்டலே இல்லையாம். அப்புறம் என்ன, துப்பறதே வழக்கமாப் போச்சு." சிரித்துக்கொண்டிருந்த கெண்டியம்மா, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏம்மா, துப்பக்கூடாதா?"

*

இப்போது நாரையின் கதையை முடித்துவிடலாம். குளத்தின் கரையடியில் ஒரு துளை இருந்தது. நீரும் மீனும் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தன. மண்புழு தேடி அந்தத் துளையைக் குத்தியது நாரையின் அலகுதான்.

மருந்தகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், மகளின் நெஞ்சிலும் அந்த அலகுதான் குத்திக்கொண்டிருந்தது. மாத்திரையாகவே இருந்திருந்தால் அப்பா அதை விழுங்கத்தான் வேண்டியிருந்திருக்கும். 'அப்பாவுக்குத் தொண்டையில சிக்குது டாக்டர், குடிக்கிற மருந்தாக் குடுங்க' என்று போராடி வாங்கிவந்தவள் யார்? வாயில் ஊற்றிய எதையும் விழுங்காமல் நாற்பது ஆண்டு பிழைத்த மனிதரின் கையில், திரவத்தைக் கொடுத்தவள் யார்? பாட்டிலில் மட்டம் ஒழுங்காக இறங்கியது. பென்சில் கோடுகள் ஒன்பது, அணிவகுப்புப் போல. இறங்கியதெல்லாம் எங்கே போனது என்று அந்தக் கோடுகள் சொல்லவில்லை.

காலையில் மருந்து வாயில் போனதும் அப்பா தலையை மட்டும் ஆட்டியது நினைவுக்கு வந்தது. ஐந்து நாளாக, மருந்து குடித்த உடனே அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. வாய் நிறைய வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவார்?

வீட்டில் மருமகள் முன்னறையின் பழைய நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்க திட்டினாலும் பரவாயில்லை, இன்னைக்குச் சொல்லிடறேன்," என்று முந்திக்கொண்டாள். "மாமா மருந்தை ஒழுங்காக் குடிக்கலைன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

மகள் அப்படியே உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பொடியை எனக்குத் தெரியாதா? குமட்டலைத் தணிக்கும். வயித்தைக் கொஞ்சம் சாந்தப்படுத்தும். நாலு வாய் கஞ்சி உள்ளே தங்கும். ஒரே நாள்ல சுத்தமாத் துடைச்சுப் போட அதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது அக்கா. எல்லாரும் என்னைப் புகழப் புகழ நான் மாமாவையே கவனிச்சேன். அந்தக் கடுமையான மருந்து உள்ளே போற உடம்புன்னா நாக்குல ஒரு மாவு படிஞ்சிருக்கும், பசி மந்தமா இருக்கும். மாமா மூணாவது ரொட்டி கேட்கிறார்!"

"எப்பத்திலிருந்து சந்தேகம்?"

"மூணு நாளா."

"மூணு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"நான் வாயைத் திறந்தாலே நீங்க பொட்டலத்தைப் பத்திக் கேட்கிறீங்களே! இன்னைக்குக் காலையிலகூட ஆரம்பிச்சேன். முன்னறைன்னு நீங்களே முடிச்சுட்டீங்க. 'என் பொடியால குணமாகலை, மாமா பொய் சொல்றார்'னு ஏழு மாசத்து மருமக எப்படிக்கா தைரியமாச் சொல்லுவேன்?" மருமகளின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "பயந்துட்டேன். புகழும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. அதையும் ஒத்துக்கறேன்."

மகள் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு தான் கண்டதைச் சொன்னாள். தொட்டி வரைக்கும், மூன்று மார்க் வரைக்கும்.

மருமகள் சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுகணமே கண் கலங்கினாள்.

*

ஐந்து மணிக்கு அப்பா சீட்டியடித்துக்கொண்டே படியேறினார். கூடத்தில் இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் சீட்டி பாதியில் அறுந்தது. ஏழு மாதத்தில் அவர் காணாத காட்சி அது.

"என்ன, ரெண்டு பேரும் கூட்டணியா? இது நல்லதுக்கில்லையே!"

"உட்காருங்கப்பா. மதிய மருந்து குடிச்சீங்களா?"

"ஓ, குடிச்சேனே."

"எத்தனை மார்க்கு?"

அப்பா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து காலணியின் முடிச்சை அவிழ்த்தார்.

"கெண்டியம்மாவுக்கு வாயில பூட்டே கிடையாது," என்றார்.

"அவங்களை விடுங்க. ரத்தம் கசிஞ்சது மறந்துபோச்சா? பாதியில நிறுத்தினா அந்தக் கிருமிக்கு மருந்தே பழகிப்போயிடும், அப்புறம் எதைக் குடுத்தாலும் கேட்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! நீங்க இல்லாம நாங்க என்னப்பா பண்ணுவோம்?" கண்டிக்கத் தொடங்கிய குரல் கடைசியில் கெஞ்சியது.

"உனக்குப் புரியாது பெரியவளே. அந்த மருந்து போனா வாய் முழுக்கத் தகரம். வர்ற வெள்ளிக்கிழமை பெரிய கொள்முதல். நாலு கம்பெனிக்காரங்க எதிரே உட்காருவாங்க. இந்த நாக்கு தப்பாச் சொன்னா அன்னையோட என் கதை முடிஞ்சது. கொஞ்ச நாளைக்குத் துப்பிட்டு, நாக்கு சரியானதும் மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."

"எங்களை ஏன் மாமா ஏமாத்தினீங்க?" என்று மருமகள் மெல்லக் கேட்டாள். "என் பொடியாலதான்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே."

"பொய் இல்லம்மா. அது நல்ல பொடி. இன்னைக்குக்கூடச் சீரகம் என்ன தூக்கல்! அந்த மணத்துலதான் மதியம் கொஞ்சம் தெம்பே வந்துச்சு."

மகள் தலைகுனிந்தாள். காலையில் செய்ததை ஒளிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லிவிடவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

"அப்பா, இன்னைக்கு ஃபிளாஸ்க்ல பொடி இல்ல. நான் மாத்திட்டேன். இவ மேல சந்தேகப்பட்டு, வெறும் வெந்நீரை ஊத்தி வச்சேன்."

மருமகள் சட்டென்று திரும்பினாள். ஆனால் அவள் பார்த்தது மகளை அல்ல. அப்பாவை.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது.

"வெறும் வெந்நீரா?" என்றார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"ஒண்ணுமே போடலையா?"

"ஒண்ணுமே."

அவர் ஃபிளாஸ்கை எடுத்துத் திறந்தார். அடியில் மிஞ்சியிருந்ததை மூடியில் ஊற்றினார். தொழில்முறையில், காற்றோடு, ஒரே உறிஞ்சு. கன்னம் அசைந்தது. இம்முறை தொட்டி தேடவில்லை, விழுங்கினார். யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் விழித்தார்.

மருமகள் எழுந்து உள்ளே போனாள். இரண்டு சிறு கிண்ணங்களோடு வந்தாள். ஒன்றில் உப்பு நீர், மற்றதில் சர்க்கரை நீர். எது எது என்று சொல்லவில்லை. அவர் இரண்டையும் சுவைத்தார். இரண்டையும் மேசையில் வைத்தார். இரண்டுக்கும் அவர் முகம் ஒன்றாகவே இருந்தது.

மகள் மருத்துவரைக் கைபேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அடுத்த வேளை மருந்தை இன்றே, இருவர் எதிரில் விழுங்கவேண்டும். நாளை காலை ஒன்பது மணிக்கு அழைத்து வரவேண்டும். முதலிலிருந்து தொடங்குவதா, மருந்தையே மாற்றுவதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். "மருமகப்பொண்ணு கேட்டாங்களே, அந்தக் கொத்தமல்லித் தண்ணி, அதைக் குடுங்க. தப்பில்லை," என்றும் சொன்னார்.

மகள் மருந்தை அளந்தாள். இம்முறை பென்சிலைத் தொடவில்லை. அப்பா வாங்கி ஊற்றிக்கொண்டார். இரண்டு பெண்களும் அவருடைய தொண்டையையே பார்த்தார்கள். குரல்வளை ஒரு முறை ஏறி இறங்கியது.

"வாயைத் திறந்து காட்டட்டுமா?" என்றார், கசப்பாக.

"ஏதாவது பேசுங்க, போதும்," என்றாள் மகள்.

சிறிது நேரத்தில் குமட்டல் வந்தது. அவர் முன்னால் குனிந்தார். மருமகள் முதுகைத் தடவியபடி, வெதுவெதுப்பான கொத்தமல்லி நீரை வாய் வாயாகக் கொடுத்து, "மெதுவா மாமா, மூக்கால மூச்சு விடுங்க. சாய்ஞ்சு உட்காருங்க, படுக்கவேணாம்," என்றாள். மகள் எத்தனை சிட்டிகை என்று கேட்கவில்லை. குமட்டல் தணிந்ததே தவிர நீங்கவில்லை. மருமகள் சொன்ன அளவுக்குத்தான் பொடி வேலை செய்தது. மருந்து உள்ளேயே தங்கியது.

மருத்துவர் இன்னும் இணைப்பில் இருந்தார்.

"அந்த மருந்து சிலருக்கு நாக்கைக் கெடுக்கும், நிறுத்தினா நாளாக ஆகச் சரியாகும். ஆனா அஞ்சு நாளாத் துப்பியும் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியலைன்னா..." அவர் குரல் நின்று, பிறகு நேராக அப்பாவிடம் வந்தது. "ஐயா, உங்களுக்குச் சுவை தெரியாமப் போனது என்னைக்கு? மருந்து ஆரம்பிச்ச ஒன்பது நாளைக்குள்ளதானே?"

அப்பா கொத்தமல்லி நீரைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு கையை மேசைமேல் வைத்து நான்கு விரல்களை விரித்தார்.

"நாலு நாளாப்பா?"

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"நாலு வாரமா?"

"மாசம்," என்றார் அப்பா.

மருந்துக்கு முன். இரத்தம் கசிவதற்கும் முன். மேசையின் ஓரத்தில், அவர் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த நோட்டு விரிந்து கிடந்தது. இன்றைய தேதியின் கீழே, திடமான கையெழுத்தில், கிண்ணத்துக்கு ஒன்றாகப் பக்கம் நிறைய எண்கள். ஒன்றுகூட அடித்துத் திருத்தப்படவில்லை. அவர் போட்ட விலை தப்பு என்று இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

மகள் அந்த எண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"அப்படின்னா இந்த நாலு மாசமா," என்று கேட்டாள், "இதையெல்லாம் உங்களுக்கு யாருப்பா சொன்னது?"